நம்ம டீம், அவங்க காலேஜ்

பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை நான் ஒரு கல்லூரி கால்பந்து அணியின் தீவிர ரசிகை. அந்தக் கல்லூரியில் நான் படித்ததில்லை. அப்பாவும் அம்மாவும் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. ஆனாலும் அந்தப் பச்சை ஜெர்சி தோற்ற நாளில் எங்கள் தெருவில் பல வீடுகளில் ராத்திரி சோறு இறங்காது. ஜெயித்த நாளில் முனை டீக்கடைக்காரர் சின்னப் பிள்ளைகளிடம் காசு வாங்கமாட்டார்.

கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நம் பிள்ளைகளின் காலை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகிற பழக்கம் அது. அதை நான் முதலில் பார்த்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை, கேலரியில்.

நான் வளர்ந்தது வியாசர்பாடி. பத்திரிகைகள் எங்களுக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'சின்ன பிரேசில்'. 2002 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசில் ஜெர்மனியை 2-0 என்று அடித்த அன்று எங்கள் தெருவில் தீபாவளி. ரயில்வே, மில், துறைமுகம் என்று வெள்ளைக்காரன் காலத்து வேலைத்தலங்களைச் சுற்றி எழுந்த பகுதி வடசென்னை. அந்த வேலைகளோடு சேர்ந்தே இந்த ஆட்டமும் எங்களிடம் வந்து தங்கிவிட்டது. கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், பேடு வேண்டும், கிளவுஸ் வேண்டும். இதற்கு ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம், தெருவே பார்க்கலாம். சென்னையின் எஃப்.சி. 2017-18இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்த தனபால் கணேஷ் எங்கள் வியாசர்பாடிக்காரர்.

எங்களைப் பற்றி ஊடகங்களுக்கு இரண்டே கதைகள்தான் தெரியும். ஒன்று, ரவுடி கதை. இன்னொன்று, ரவுடி ஆகவேண்டியவனைக் கால்பந்து காப்பாற்றிய கதை. இரண்டாவதை நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வந்து காசு வாங்காமல் பயிற்சி கொடுக்கிற அண்ணன்களின் உழைப்பு சத்தியமானது. ஆனால் அந்தக் கதையைக் கவனித்துப் படியுங்கள். அதில் ஆபத்து எப்போதும் எங்கள் தெருவுக்குள் இருக்கும், மீட்சி எப்போதும் வெளியே இருக்கும். பையனுக்குக் கல்லூரியில் சீட்டு கிடைத்ததோடு கதை முடிந்துவிடும். உள்ளே போன பிறகு அவனுக்கு என்ன ஆனது என்று இரண்டாம் பாகம் எழுத யாரும் வருவதில்லை.

எனக்குப் பத்து வயதில் எதிர்வீட்டு அண்ணனை அந்தக் கல்லூரி எடுத்துக்கொண்டது. பத்தாம் நம்பர் அண்ணன் என்று அவரை அழைப்போம். "ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு குத்துட்டாங்க" என்று அவர் அம்மா குழாயடியில் நின்று எல்லோரிடமும் சொன்னார். அடுத்த வருடம் இன்னும் இரண்டு பேர் போனார்கள். அதற்கடுத்த வருடம் கோலியும் எங்கள் பக்கத்துப் பையன்தான். அப்புறம் அது எங்கள் அணி இல்லாமல் வேறு யாருடையது?

அப்பா ஒரு மில்லின் அணியில் கோலியாக நின்றவர். மில் மூடிய பிறகு லோடு வண்டி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டம் இருந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்புவார். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அப்புறம் சென்ட்ரல். அங்கிருந்து நேரு ஸ்டேடியம் பக்கம் நடை. நடக்கும்போதே பாடம் ஆரம்பித்துவிடும். "பந்தயே பாக்காத. பந்து இல்லாதவன் எங்க ஓடறான்னு பாரு. அங்கதான் கோல் இருக்குது" என்பார். பிற்காலத்தில் சமூகவியல் படித்தபோது ஆய்வுமுறை வகுப்பில் எனக்கு இதைவிடப் பயனுள்ள எதையும் யாரும் சொல்லித்தரவில்லை.

'நீங்கள் ஏன் ஆடவில்லை, ஏன் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்' என்று மாணவிகள் கேட்பதுண்டு. அந்தக் காலத்தில் எங்கள் மைதானத்தில் பெண்பிள்ளைக்கு இடம் ஓரத்தில்தான். இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வீழ்த்திக் கோப்பையை வாங்கினார்கள். 2023இல் மறுபடியும் வாங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரண்டு முறையும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு ரஃப் நோட்டு. அதன் கடைசிப் பக்கங்களில் எதிரணி, கோல் எண்ணிக்கை, கோல் அடித்தவர், யார் பாஸ் கொடுத்தது என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். பேப்பரில் இரண்டு வரிச் செய்தி வந்தால் கத்தரித்து ஒட்டுவேன்.

எங்கள் தெருவுக்கு அந்த அணியின் மேல் இருந்தது வெறும் ஆட்டப் பைத்தியம் இல்லை. அது ஒரு ஏணி. அப்பா விரல் விட்டு எண்ணுவார்: ஏரியா டீம், காலேஜ் டீம், ஆபீஸ் டீம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, ஏ.ஜி. அலுவலகம் என்று சென்னையில் பல அலுவலகங்கள் கால்பந்து அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவனுக்கு அங்கே வேலை கிடைக்கும். மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்ஷன். ஒரு பையன் ஏறினால் அந்த வீட்டில் அடுத்த தலைமுறை வேறு இடத்தில் இருந்து தொடங்கும். எங்கள் தெருவில் அப்படி ஏறியவர்களின் வீடுகளைப் பார்த்தாலே தெரியும், அந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் நான் கேலரியில் உட்கார்ந்த வருடங்களில் ஏணியின் மேல்படி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு அரசு நிறுவனங்களில் ஆள் எடுப்பது குறைந்தது, நிரந்தர வேலை ஒப்பந்த வேலை ஆனது, அலுவலக அணிகளில் புதிதாகச் சேர்ப்பதும் சுருங்கியது. மேல்படி போனால் நடுப்படியில் நிற்பவன் என்ன ஆவான் என்று அப்போது யாரும் பேசவில்லை.

கேலரியில் எங்களுக்கு இரண்டு படி மேலே அந்தக் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பத்தாம் நம்பர் அண்ணன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு இடது காலால் மூலையில் சொருகினால் "நம்ம காலேஜ், நம்ம காலேஜ்" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நாங்களும் கத்துவோம். ஒரே கத்தல். அந்த அரை நிமிடத்தில் மேலே கீழே எதுவும் இருக்காது. அந்த மகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லமாட்டேன். அரை மணி கழித்து எங்கள் பையன் ஒருவன் தப்பாகக் காலை வைத்து மஞ்சள் அட்டை வாங்குவான். அதே இடத்திலிருந்து குரல் வரும்: "ஏரியா பசங்கள எடுத்தா இப்டித்தான்."

கிராமத்தில் சாதிக்குத் தனித் தெரு இருக்கிறது. நகரத்தில் அதற்கு 'ஏரியா' என்று பெயர். யாரும் உன்னிடம் சாதியைக் கேட்கமாட்டார்கள். "எந்த ஏரியா?" என்பார்கள். பதிலைக் கேட்டதும் முகத்தில் ஒரு சின்ன அசைவு வரும். பிறகு பேச்சு வேறு பக்கம் போகும். ஜெயித்தால் காலேஜ் பையன், தவறினால் ஏரியா பையன். பதினோரு வயதில் இதை எனக்குப் பெயர் சொல்லி விளக்கத் தெரியாது. ஆனால் நோட்டில் அன்றைய ஸ்கோருக்குப் பக்கத்தில் 'மேலே இருந்தவங்க திட்னாங்க' என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு வருடம் கோப்பை வந்தது. பாராட்டு விழா கல்லூரிக்குள்ளே, மாலை ஆறு மணிக்கு. எங்கள் தெருவிலிருந்து இருபது பேர் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனோம். கேட்டில் ஐ.டி. கார்டு கேட்டார்கள். "பிளேயரோட அம்மாப்பா" என்றதற்கு, "லிஸ்ட்ல இல்லியே" என்று பதில். கேட்டில் நின்றவரும் எங்களைப் போன்ற ஒரு குடியிருப்பிலிருந்து வந்தவராகத்தான் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது. மைக்கில் பேச்சு கேட்டது. முதலில் நிர்வாகத்துக்கு நன்றி, பிறகு முன்னாள் மாணவர்களுக்கு நன்றி. கைதட்டல் கேட்டது. நாங்களும் வெளியிலிருந்தே தட்டினோம். எட்டரை மணிக்குப் பத்தாம் நம்பர் அண்ணன் கேட்டுக்கு ஓடி வந்தார். தனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கொடுத்த பிரியாணிப் பொட்டலங்களைக் கம்பிக்கு வெளியே நீட்டினார். அவர் அம்மா அதை வாங்கவில்லை. "நீ துன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

எம்.ஏ. படித்த காலத்தில் அந்த நோட்டை எடுத்து அதில் இருந்த எங்கள் பகுதிப் பெயர்களைக் குறித்துக்கொண்டேன். ஒன்பது பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். எட்டு வருடம் யாருக்காகக் கத்தினேனோ அவர்களைப் பார்க்கப் போனேன், அவ்வளவுதான். மூன்று பேர் கையில் டிகிரி இருந்தது. ஒருவர் ரயில்வேயில் இருந்தார். பத்தாம் நம்பர் அண்ணன் தண்ணீர் கேன் போடுகிறார். அவருக்கு இன்னும் ஏழு அரியர் நிற்கிறது.

எப்படி ஒன்பது பேரில் ஆறு பேர் பட்டம் இல்லாமல் வெளியே வருகிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் அதிகாலை ஐந்து மணிக்கு அந்த மைதானத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்கள் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் ஒரே மாதிரியான பாதை தெரிகிறது. பாடத்தை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தத் துறையில் இடம் இருக்கிறதோ அங்கே போடுவார்கள். தமிழ் வழியில் பன்னிரண்டு வரை படித்தவன் முதல் நாளே ஆங்கிலத்தில் பொருளாதாரம் கேட்பான். காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி, நடுவில் வகுப்பில் தூக்கம். போட்டிக் காலமும் இன்டர்னல் தேர்வும் ஒன்றாக வரும். வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லை என்றால் உடற்கல்வித் துறையிலிருந்து கடிதம் போகும், ஹால் டிக்கெட் வந்துவிடும். இதைத்தான் சலுகை என்கிறார்கள். ஹால் டிக்கெட் வந்தது, பாடம் வரவில்லை. விட்டுப்போன வகுப்பைத் திரும்ப நடத்த ஒரு ஆசிரியரும் நியமிக்கப்படவில்லை. அரியர் ஏறும், அரியர் கட்டக் காசு இருக்காது, மூன்றாம் வருடம் முடிந்ததும் அணியில் அடுத்த பையன் வந்துவிடுவான். நடுவில் முழங்கால் போனால் இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். லிகமெண்ட் கிழிந்த ஒரு அண்ணன் சொன்னார்: "ஆபரேஷனுக்கு நாங்களே கடன் வாங்கனோம். ஹாஸ்டல் ரூம மட்டும் அந்த மாசமே காலி பண்ண சொன்னாங்க."

சான்றிதழிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கல்லூரி அணியில் ஆடியது மட்டும் போதாது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருக்க வேண்டும். அதற்கான சான்று 'படிவம் 3'. கல்லூரிக்குக் கோப்பை வாங்கித் தந்தவன் கையில் கல்லூரிச் சான்றிதழ்கள் ஒரு கட்டு இருக்கும், இந்த ஒரு தாள் இருக்காது. பல்கலைக்கழகத் தேர்வு முகாம் என்றைக்கு என்பது அவனுக்குத் தெரியாமலே போயிருக்கும், அல்லது அன்றைக்குக் கல்லூரி ஆட்டம் இருந்திருக்கும்.

'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வேலைப் பிரிவினை பற்றி வைக்கும் வாதத்தை நாம் எல்லோரும் பயிற்சி முகாம்களில் படித்திருக்கிறோம். அதை ஆலைக்கும் வயலுக்கும் பொருத்திப் பார்ப்போம். ஒரு கல்லூரி வளாகத்துக்கும் பொருத்திப் பாருங்கள். அங்கே காலால் உழைப்பதற்கு ஒரு கூட்டம், மூளையால் முன்னேறுவதற்கு ஒரு கூட்டம். இரண்டும் ஒரே அடையாள அட்டையைத்தான் மாட்டியிருக்கும். ஆனால் வெளியே வரும்போது இரண்டும் இரண்டு இடத்துக்குப் போகும்.

இதே இடத்தில் அமெரிக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற வேறு ஆட்டம். கல்லூரி அணிகளின் ஆட்டம் அங்கே கோடிக்கணக்கான டாலர் வியாபாரம். ஆடுகிறவர்களில் கறுப்பின இளைஞர்கள் ஏராளம். 2021 ஜூலை வரை ஒரு வீரர் தன் சொந்தப் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கக்கூட விதி இடம் தரவில்லை.

மிசௌரி பல்கலைக்கழகத்தில் 2015இல் நிறவெறிச் சம்பவங்களை நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று கறுப்பின மாணவர்கள் போராடினார்கள். தங்கள் குழுவின் பெயரிலேயே 1950 என்ற ஆண்டைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் முதன்முதலாகக் கறுப்பின மாணவரைச் சேர்த்த ஆண்டு அது. நவம்பர் 2 அன்று ஒரு மாணவர் உண்ணாவிரதம் தொடங்கினார். நவம்பர் 7 அன்று கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள், தலைவர் டிம் வூல்ஃப் பதவி விலகும்வரை களத்தில் இறங்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். பயிற்சியாளர் கேரி பிங்கெல் அவர்களோடு நின்றார். அடுத்த ஆட்டம் நடக்காவிட்டால் பல்கலைக்கழகம் எதிரணிக்கு 10 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும். நவம்பர் 9 அன்று வூல்ஃப் விலகினார். வாரக்கணக்கில் மாணவர்கள் கேட்டுக் கிடைக்காத பதில், அணி கையைக் கட்டியதும் இரண்டு நாளில் கிடைத்தது.

இதைக் கேட்டதும் நம் தோழர்கள் உற்சாகமாகிறார்கள். 'நம்ம பசங்களும் ஆடமாட்டோம்னு சொல்லட்டும்' என்கிறார்கள். அவசரப்படாதீர்கள். இங்கே ஒரு கல்லூரி ஆட்டம் நின்றுபோனால் நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. பையனுக்குத்தான் சீட்டு போகும். அங்கே வீரர்கள் கையில் இருந்த பிடி, இங்கே வீரர்கள் கையில் இல்லை. அதனால் கேள்வி கேட்கும் வேலையை அவர்கள் தலையில் ஏற்றக்கூடாது. அதைச் செய்ய வேண்டியது கேலரியில் இருக்கும் நாம்தான். கல்லூரிக்குள் இருக்கிற மாணவர் அமைப்பும், தெருவில் இருக்கிற ரசிகர்களும்.

கோல் எண்ணுவதைத்தான் ரசிகரின் வேலை என்கிறோம். இன்னும் சிலவற்றையும் எண்ண வேண்டியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கடந்த ஐந்து வருடத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அதில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அரசுக் கல்லூரியாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். பல்கலைக்கழகத் தேர்வு முகாமின் தேதியை உடற்கல்வித் துறைப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டவில்லை என்றால் நீங்களே எழுதி ஒட்டுங்கள். போட்டிக்குப் போனவர்களுக்கு விட்டுப்போன பாடத்தைச் சீனியர்கள் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். நாங்கள் சில நண்பர்கள் எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் மைதானத்து ஓரத்திலேயே இதைச் செய்கிறோம். வியர்வை காயும் முன்பே அரியர் பேப்பரைப் பிரிப்போம். போன வருடம் இரண்டு பேர் எல்லாத் தாளையும் முடித்தார்கள்.

இன்னொன்று, இது சேர்க்கைக் காலத்துக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் எஸ்.சி. மாணவருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தான் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. ஆனால் அவனை மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்த்ததாகப் பதிவு செய்துவிட்டால் அது சிக்கலாகிவிடும். கையெழுத்துப் போடும் முன் எந்த ஒதுக்கீடு, எந்த ஷிஃப்ட், எவ்வளவு கட்டணம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் அந்த அம்மாக்கள் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போட்டுவிடுவார்கள். பக்கத்தில் நம்மில் ஒருவர் நிற்க வேண்டும்.

அந்த அணியின் ஆட்டம் இருந்தால் நான் இன்றைக்கும் போகிறேன். இப்போது ஆறாம் நம்பரில் ஒரு பையன் ஆடுகிறான், முல்லை நகர்ப் பக்கம். பந்து இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருப்பான், அப்பா பார்த்திருந்தால் கொண்டாடியிருப்பார். முதல் வருடம் பி.காம். இன்டர்னலில் இரண்டு பாடம் பின்தங்கியிருக்கிறான். போன வாரம் ஆட்டம் முடிந்ததும் அவன் நம்பரை வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். காமர்ஸ் சொல்லிக்கொடுக்க முடிகிற தோழர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், எங்களிடம் அதற்குத்தான் ஆள் குறைவு.

ஜெய்பீம்.